உயிரிரக்கம்: சமயங்கள் சொல்வது என்ன, நாம் செய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடலூர் பூசத்துக்குப் போகிறவர், வில்லியனூர் மாதா கோயிலுக்கு நடந்து போகிறவர், ரமலானில் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு நிற்கிறவர் எல்லாரும் நம் கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஒரே தெருக்காரர்கள்தான். ஒருவர் வழியைப் பற்றி இன்னொருவருக்கு எழும் சந்தேகங்கள் திரும்பத் திரும்பக் காதில் விழுந்ததால் இந்தத் தொகுப்பு. கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

எல்லா மதமும் அன்பைத்தானே சொல்லுது? இதுல தனித்தனியா தெரிஞ்சுக்க என்ன இருக்கு?

அன்பாக இரு என்று சொல்லாத சமயம் இல்லை. ஆனால் அந்த அன்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பதில்கள் பிரிந்துவிடும். பௌத்தம் அதை மனப்பயிற்சி என்கிறது. கடவுள் முந்தி நம்மிடம் அன்புகூர்ந்தார், அதனால்தான் நம்மாலும் முடிகிறது என்கிறது கிறித்தவம். இறைவனுடைய கருணை நூறு பங்கு, அதில் ஒரே பங்குதான் பூமிக்கு இறங்கியது, குதிரை தன் குட்டியை மிதித்துவிடாமல் குளம்பைத் தூக்கிக்கொள்வதும் அந்த ஒரு பங்கால்தான் என்கிறது ஒரு நபிமொழி. திருவந்திபுரத்தில் வாழ்ந்த வேதாந்த தேசிகர், பெருமாளின் தயையை ஒரு தேவியாகவே முன்னிறுத்தி நூற்றுக்கும் மேற்பட்ட சுலோகங்கள் செய்தார். வள்ளலாருக்கு எல்லா உயிரும் ஒரே கடவுளால் ஒரே தன்மையோடு படைக்கப்பட்ட சகோதரர்கள். சகோதரன் துன்பப்பட்டால் உருகுவது உரிமை. அதைத்தான் ஆன்மநேய ஒருமைப்பாட்டுரிமை என்றார்.

இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு கைப்பயன் உண்டு. நல்லது செய்யப்போய் எங்கே தவறுவோம் என்பதில் ஒவ்வொரு மரபும் வெவ்வேறு பள்ளத்தைக் காட்டி எச்சரிக்கிறது. கொடுத்துவிட்டுச் சொல்லிக்காட்டுகிறவருக்குக் குர்ஆனில் எச்சரிக்கை இருக்கிறது. உட்கார்ந்து தியானம் மட்டும் செய்கிறவருக்கு வடலூரில் இருக்கிறது. பிறர் துன்பத்தைப் பார்த்துத் தானே உடைந்துபோகிறவருக்குப் பௌத்த உரைகளில் இருக்கிறது. நம் வழியில் நின்றபடியே அடுத்தவர் எச்சரிக்கையையும் காதில் வாங்கிக்கொள்ளலாம்.

அன்பு, அருள், ரெண்டும் ஒண்ணுதானே?

பெற்ற பிள்ளை, கட்டியவர், கூடப் பிறந்தவர் மேல் வருவது அன்பு. எந்தத் தொடர்பும் இல்லாத உயிரின் மேலும் வருவது அருள். ‘அருளென்னும் அன்பீன் குழவி பொருளென்னும் செல்வச் செவிலியால் உண்டு’ என்கிறது குறள் (757). அருள், அன்பு பெற்ற குழந்தை. அதை வளர்க்கும் செவிலித்தாய் பொருள். வீட்டில் அன்பு இல்லாதவருக்கு வெளியே அருள் பிறக்காது. பிறந்தாலும் கையில் ஓரளவு பொருள் இல்லாமல் அது வளராது. இந்தப் பக்கத்தில் பேசுவதெல்லாம் இரண்டாவதைப் பற்றி.

வடலூர்ல தினமும் சோறு போடறாங்க, தெரியும். ஜீவகாருண்யம்னா அவ்வளவுதானா?

சோறுதான் தொடக்கம், அதுதான் மையமும். வள்ளலார் 1823-ல் மருதூரில் பிறந்தவர். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் 1867 மே 23-ல் தருமச்சாலையைத் தொடங்கினார். சத்திய ஞான சபை 1872-ல்தான் வந்தது. முதலில் அடுப்பு, அப்புறம் சபை. அன்று மூட்டிய அடுப்பை இன்றுவரை அணையவிடாமல் மூன்று வேளையும் சோறு போடுகிறார்கள்.

உயிர்களுக்கு வரும் இடர்களைப் பசி, கொலை, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம் என்று அவர் வகைப்படுத்தினார். இச்சை என்றால் வேண்டியது கிடைக்காத ஏக்கம், எளிமை என்றால் வறுமை. இவற்றில் பசியையும் கொலையையும் நீக்குவது பர ஜீவகாருண்யம். மற்றவற்றை நீக்குவது அபர ஜீவகாருண்யம். ஏன் இந்த வரிசை? தாகம் தீர்த்து, மருந்து கொடுத்து, பயம் தெளிவித்தாலும், பசித்தவனுக்குச் சோறு இல்லையென்றால் உயிர் உடலில் தங்காது. பசி முற்றும்போது என்ன ஆகிறது என்று அவர் உறுப்பு உறுப்பாக எழுதியதைப் படித்துப் பாருங்கள்: அறிவு மயங்குகிறது, கண் பஞ்சடைந்து குழிகிறது, காது கும்மென்று அடைக்கிறது, நாக்கு வறள்கிறது, குரல் குளறுகிறது, கை கால் துவளுகிறது. பட்டினி கிடப்பவரைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் எழுத்து அது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அவர் கொடுத்த விளக்கத்தின்படி, உயிர்கள் விஷயமாக உண்டாகும் ஆன்ம உருக்கத்தைக் கொண்டு தெய்வ வழிபாடு செய்து வாழ்வதே ஜீவகாருண்ய ஒழுக்கம். உருக்கம் இல்லாமல் கரண்டியை மட்டும் பிடித்தால் பாதிதான் நடந்திருக்கிறது.

அவனவன் பூர்வஜென்ம வினை, அனுபவிக்கறான். நாம குறுக்க போனா கடவுள் கணக்கைக் கலைச்ச மாதிரி ஆகாதா?

இந்தக் கேள்வியை வள்ளலாரே எடுத்து விடை சொல்லியிருக்கிறார். கொடிய குற்றம் செய்து சிறையில் கிடப்பவனுக்கும் அரசன் தன் சேவகரைக் கொண்டு ஆகாரம் கொடுக்கச் செய்கிறான். அதைக் கொடுக்கிற சேவகன் அரசன் கட்டளையை மீறியவன் ஆகமாட்டான். அதுபோல, தண்டனைக்குரிய உயிருக்கும் சோறு கொடுப்பது கடவுள் அருளுக்கு ஒத்ததே.

பௌத்தரும் சமணரும் வினையை நம்புகிறவர்கள். அவர்கள் நூல்களிலும் வினையைக் காரணம் காட்டிக் கையைக் கட்டிக்கொள்ள இடமில்லை. பசித்தவர் வினை எப்படியிருந்தாலும், பார்த்தும் பாராமல் போவது நம் கணக்கில் ஏறும் புதிய வினை.

மெத்தா தியானம்னு சொல்றாங்களே, அதை எப்படிப் பண்ணணும்? படிப்படியா சொல்லுங்க.

மெத்தா பாலிச் சொல். மைத்ரி என்பதும் அதுவே. ஒரே மகனைத் தாய் தன் உயிரைக் கொடுத்துக் காப்பது போல எல்லா உயிர்மேலும் எல்லையில்லா மனத்தை வளர்க்கவேண்டும் என்று புத்தரின் மெத்தா சுத்தம் சொல்கிறது. செய்முறையை விரிவாகத் தருவது 5-ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம்.

முதுகு நிமிர்ந்து, வயிறு லேசாக இருக்கும் வேளையில் உட்காருங்கள். விடியற்காலை நல்லது. தொடக்கத்தில் 20 நிமிடம் போதும், ஒவ்வொரு படிக்கும் சுமார் 4 நிமிடம். முதலில் உங்களையே நினைத்து: ‘பகையில்லாமல் இருப்பேனாக, வெறுப்பில்லாமல் இருப்பேனாக, துயரில்லாமல் இருப்பேனாக, நலமாக வாழ்வேனாக.’ இரண்டாவது, நீங்கள் மதிக்கும் ஒருவர், பாடம் சொன்ன ஆசிரியர் மாதிரி. மூன்றாவது, நெருங்கிய நண்பர். நான்காவது, பிடிக்கும் என்றோ பிடிக்காது என்றோ இல்லாதவர்: தினமும் பால் பாக்கெட் போடுகிறவர், பேருந்தில் பார்க்கும் நடத்துநர். ஐந்தாவது, ஆகாதவர். ஒவ்வொருவர் முகத்தையும் மனதில் கொண்டுவந்து அதே நான்கு வரி. மனம் ஒரு படியில் மென்மையான பிறகே அடுத்த படிக்குப் போகவேண்டும். நண்பர் வரைக்கும்தான் வந்தது என்றால் அன்றைக்கு அதோடு எழுந்துவிடலாம்.

இறந்துபோனவரை நினைத்துச் செய்யக்கூடாது என்கிறது அந்நூல், அதில் மனம் நிலைக்காது. தொடக்கத்திலேயே காதல் ஈர்ப்பு வரக்கூடியவரை எடுக்கவேண்டாம், மெத்தா ஆசையாகத் திரும்பிவிடும். பகைவரை முதல் நாளே எடுத்தால் கோபம்தான் மிஞ்சும்.

எனக்கு அந்த அஞ்சாவது ஆள் வந்தாலே ரத்தம் கொதிக்குது. வரி வாயில வருது, மனசுல வரலை.

எல்லாருக்கும் மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான். அதனால் புத்தகோசர் அங்கே பல வழிகளை வரிசையாக வைத்திருக்கிறார். ஒன்று, பழைய படிக்குத் திரும்பி, நண்பர்மேல் மனம் இளகிய பிறகு மறுபடி முயல்வது. இன்னொன்று, அந்த ஆளின் பேச்சு கெட்டதாக இருந்தாலும் செயலில் ஏதாவது நல்லது உண்டா என்று தேடி அதை மட்டும் நினைப்பது. வேறொன்று, கோபம் எதன்மேல் என்று பிரித்துக் கேட்பது: அவர் தலைமயிரின் மேலா, நகத்தின் மேலா, எலும்பின் மேலா? பிரிக்கப் பிரிக்கக் கோபம் உட்கார இடம் கிடைக்காது.

எதுவும் நடக்கவில்லையா? கடைசி வழி, அவருக்கு ஒரு பொருள் கொடுங்கள், அல்லது அவர் கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள். தியான நூலொன்று இவ்வளவு நடைமுறையாகப் பேசுவது அருமை. பேச்சு நின்றுபோன பங்காளி வீட்டுக்குப் பொங்கலன்று ஒரு தட்டு கரும்பும் மஞ்சளும் அனுப்புவது, பல மாதத் தியானம் செய்யாததைச் செய்துவிடும்.

எல்லைகள் உடைந்ததா என்று பார்க்க ஒரு சோதனையும் சொல்கிறார். நீங்கள், நண்பர், நடுநிலையாளர், பகைவர் நால்வரும் உட்கார்ந்திருக்கும்போது கொள்ளையர் வந்து பலி கொடுக்க ஒருவரைக் கேட்டால், யாரைக் கொடுப்பீர்கள்? பகைவரைக் காட்டினால் தோல்வி என்பது தெரிந்ததே. ‘என்னைக் கொண்டுபோ’ என்றாலும் தோல்விதான், ஏனென்றால் உங்கள்மேல் உங்களுக்குச் சமநோக்கு வரவில்லை. கொடுப்பதற்கு நால்வரில் ஒருவரும் தோன்றாத நிலையே தேர்ச்சி.

மைத்ரி, கருணை, முதிதை, உபேக்ஷைன்னு யோக சூத்திரத்துலயும் வருது, சமணத்துலயும் வருது. எது அசல்?

அசல், நகல் என்று பார்ப்பதைவிட, நாலும் யார்மேல் செலுத்தப்படுகின்றன என்று பாருங்கள். வித்தியாசம் அங்கேதான். பதஞ்சலி (1.33) ஆளுக்கொன்றாகப் பிரிக்கிறார்: சுகமாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் கருணை, புண்ணியம் செய்பவரைப் பார்த்து மகிழ்ச்சி, பாவம் செய்பவரிடம் விலகல். நோக்கம் மனம் தெளிவது. சமணரின் தத்துவார்த்த சூத்திரமும் (7-ஆம் அதிகாரம்) பிரிக்கிறது, ஆனால் நட்பை எல்லா உயிருக்கும் வைக்கிறது. குணத்தில் உயர்ந்தவரைக் கண்டு மகிழ்ச்சி, வருந்துபவரிடம் கருணை, சொன்னாலும் கேளாதவரிடம் நடுநிலை. பௌத்தத்தில் நான்குமே எல்லா உயிருக்கும் உரியவை.

சமணம் நமக்குத் தூரத்து விஷயமில்லை. லோகவிபாகம் என்ற சமண நூல் கி.பி. 458-ல் உருவான பாடலிபுத்திரம், இன்றைய கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அப்பர் சைவத்துக்குத் திரும்புமுன் தருமசேனர் என்ற பெயரில் இருந்ததும் அங்கேதான். தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் மேல்சித்தாமூரில் இருக்கிறது. ‘எல்லா உயிரோடும் எனக்கு நட்பு, எவரோடும் பகையில்லை’ என்று சொல்லி எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பது அவர்கள் வழக்கம். பொத்தாம்பொதுவாக வானத்தைப் பார்த்துக் கேட்பதில்லை, ஆளைப் பார்த்துக் கேட்கிறார்கள்.

சர்ச்ல சொல்ற அன்பும் இந்த மெத்தாவும் ஒண்ணா?

செயலில் பக்கத்தில் நிற்கும், வேரில் வேறு. மெத்தா பயிற்சியால் வளர்வது. கிறித்தவ மறையில் அந்த அன்பு கடவுள் ஊட்டும் வரம், மனிதர் அதற்கு இடம் கொடுக்கிறார். மெத்தா எல்லா உயிரையும் ஒருசேர அணைக்கப் பார்க்கிறது. இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையோ வழியில் கிடந்த ஒரே ஒருவனைப் பற்றியது.

அந்தக் கதையை (லூக்கா 10) கணக்குப்பிள்ளை பார்ப்பதுபோல ஒருமுறை பாருங்கள். அடிபட்டுக் கிடந்தவனுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டுகிறான். தன் வாகனத்தில் ஏற்றுகிறான், அப்படியானால் தான் நடந்திருப்பான். சத்திரத்தில் சேர்த்து அன்றிரவு கவனித்துக்கொள்கிறான். மறுநாள் இரண்டு பணம் கொடுக்கிறான். அன்றைக்கு ஒரு பணம் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறான். பொறுப்பை ஏற்கிறான், முடித்துக்கொடுக்க வேறொருவரை ஏற்பாடு செய்கிறான், திரும்பி வந்து பார்ப்பதாகவும் சொல்கிறான். விபத்தில் ஒருவரைத் தூக்கிவிடுகிற எவருக்கும் இந்த வரிசை அப்படியே பொருந்தும்.

கத்தோலிக்க மரபில் உடல்சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழு: பசித்தவருக்கு உணவு, தாகத்துக்குத் தண்ணீர், உடையில்லாதவருக்கு உடை, தங்க இடம், நோயாளியைப் பார்ப்பது, சிறையில் இருப்பவரைப் பார்ப்பது, இறந்தவரை அடக்கம் செய்வது. வள்ளலார் பட்டியலோடு வைத்துப் பார்த்தால் முதலிடம் இரண்டிலும் பசிக்குத்தான்.

ஜகாத் கட்டாயம்னு சொல்றாங்க. கட்டாயத்துல குடுத்தா அது எப்படி அன்பாகும்?

வசதியுள்ள முஸ்லிம் கொடுத்தே ஆகவேண்டிய பங்கான ஜகாத்தை யாரும் தயவாகக் கருதுவதில்லை. உங்கள் செல்வத்தில் கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் உரிமை இருக்கிறது என்கிறது குர்ஆன் (51:19). அவர் பங்கை அவரிடம் சேர்க்கிறீர்கள். ஆகவே வாங்குகிறவர் கூனவேண்டியதில்லை, கொடுக்கிறவர் நிமிரவேண்டியதில்லை. சுமார் 85 கிராம் தங்கம் அல்லது 595 கிராம் வெள்ளி மதிப்புக்குக் குறையாத செல்வம் ஒரு சந்திர ஆண்டு கையில் இருந்தால் இரண்டரை சதவீதம். விளைச்சலில், மழையை நம்பிய நிலத்துக்குப் பத்தில் ஒரு பங்கு, செலவு செய்து நீர் பாய்ச்சிய நிலத்துக்கு இருபதில் ஒரு பங்கு. பெறுகிறவர்கள் எட்டு வகையினர் என்றும் குர்ஆனே வரையறுக்கிறது (9:60).

அன்பு இருக்கும் இடம் அதற்கு மேலே, விரும்பிக் கொடுக்கும் சதகாவில். அதற்கு அளவில்லை. சகோதரனைப் பார்த்துச் சிரிப்பதும் தர்மம் என்பது நபிமொழி. கொடுத்துவிட்டு மனம் புண்படப் பேசுவதைவிட, கொடுக்காமல் நல்ல சொல் சொல்வது மேல் என்கிறது குர்ஆன் (2:263). நிவாரணப் பொருள் கொடுக்கும்போது வாங்குகிறவரை நிறுத்திப் படம் எடுக்கிறவர்கள் எந்த மதத்தவரானாலும் இந்த வசனத்தை ஒருமுறை படிக்கவேண்டும்.

யூதர்கள் என்ன சொல்றாங்க? அவங்களைப் பத்தி இங்க யாருக்கும் தெரியாது.

இந்த அன்பை ஹெசெத் என்பார்கள், தமிழ் விவிலியத்தில் கிருபை. ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ என்று 136-ஆம் சங்கீதத்தில் 26 தடவை வரும். அவர்களுடைய சட்ட விளக்க நூலான தால்மூத், தர்மத்தையும் தயவுச் செயலையும் பிரித்துக் காட்டுகிறது. தர்மம் பணத்தால் மட்டும், தயவு பணத்தாலும் உடலுழைப்பாலும். தர்மம் ஏழைக்கு மட்டும், தயவு ஏழைக்கும் பணக்காரருக்கும். தர்மம் இருப்பவருக்கு, தயவு இருப்பவருக்கும் இறந்தவருக்கும்.

இறந்தவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, அடக்கம் செய்வதை உண்மையான தயவு என்கிறார்கள், கைம்மாறு செய்ய அவரால் முடியாது என்பதால். நம் ஊரில் சாவு வீட்டுக்குச் சொல்லாமலே போய், பந்தல் கட்டி, பாடை தூக்கி, அடுப்பெரியாத அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து சோறு அனுப்புகிறோமே, அது இதேதான்.

ரோட்டுல கை நீட்டறவங்கள்ல பாதிப்பேர் ஏமாத்தறாங்க. குடுக்கலாமா வேண்டாமா?

பசி என்று கேட்டால் விசாரிக்கவேண்டாம். வள்ளலாரும் தேசம், சமயம், சாதி, நடத்தை எதையும் விசாரிக்காமல் சோறு கொடு என்றார். யூத சட்டமும் உணவு கேட்டால் விசாரிக்காமல் கொடு என்கிறது. பக்கத்து டிபன் கடையில் நாலு இட்லி வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பணம் கேட்டால் விசாரிக்க உங்களுக்கு உரிமை உண்டு. பிள்ளைகளை வைத்துப் பிச்சை எடுப்பதைப் பார்த்தால் காசு போடாதீர்கள், 1098-க்குச் சொல்லுங்கள்.

12-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் கொடுப்பதை எட்டுப் படியாக அடுக்கினார். மிகக் கீழ்ப்படி முகம் சுளித்துக் கொடுப்பது. மேல்படி, கடனோ வேலையோ கூட்டுத்தொழிலோ கொடுத்து அவர் இன்னொருவரிடம் கையேந்தாதபடி செய்வது. பேருந்து நிலையத்தில் நிற்கும் ஒருவருக்குத் தினமும் 10 ரூபாய் போடுவதைவிட, நிறுத்தப்பட்டுப்போன அவருடைய முதியோர் உதவித்தொகையைத் திரும்ப வாங்கித்தர ஒரு நாள் தாலுகா அலுவலகத்துக்குக் கூடப்போவது பல படி மேலே.

நாங்க நாலஞ்சு குடும்பம் சேர்ந்து 100 பேருக்கு அன்னதானம் போடலாம்னு இருக்கோம். அளவு சொல்லுங்க. எதுல கவனமா இருக்கணும்?

உட்கார வைத்து முழுச் சாப்பாடு என்றால் அரிசி 12 முதல் 14 கிலோ, சாம்பாருக்குத் துவரம்பருப்பு 3 கிலோ, கூட்டு பொரியலுக்கும் சாம்பாருக்குமாகக் காய் 12 கிலோ, மோருக்குத் தயிர் 5 லிட்டர். பொட்டலமாகச் சாம்பார் சாதம் என்றால் அரிசி 8 கிலோ, பருப்பு 3 கிலோ போதும். குடிதண்ணீர் 20 லிட்டர் கேன் 3. தண்ணீரைத்தான் பெரும்பாலும் மறக்கிறார்கள்.

கெட்டுப்போவது எங்கே? காலை 6 மணிக்கு வடித்துப் பகல் 1 மணிக்குப் போடுவதில். பெரிய அண்டாவில் மூடி வைத்த சோறு நடுவில் மெல்ல ஆறும், அந்த வெதுவெதுப்பில்தான் கிருமி பெருகும். நம் கடலோரப் புழுக்கத்தில் சமைத்து 4 மணி நேரத்துக்குள் இலைக்கு வந்துவிடவேண்டும். தேங்காய்ச் சட்னி, தயிர்சாதம் இரண்டையும் கடைசியில் செய்யுங்கள். பொட்டலம் என்றால் சூட்டோடு பிளாஸ்டிக்கில் கட்டாமல் வாழையிலையில் கட்டுங்கள்.

பல நாள் எதுவும் சாப்பிடாமல் கிடந்தவரைப் பார்த்தால் இலை போட்டு உட்காரவைக்காதீர்கள். திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் உப்புச் சத்துகள் சட்டென்று இறங்கி இதயத்தையே பாதிக்கும். நீர்க்கக் கஞ்சி, அதுவும் கால் டம்ளர். பிறகு 108-க்குச் சொல்லி மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

புயல், வெள்ளக் காலம் தனிக் கணக்கு. 2004 சுனாமி, 2011 தானே, 2015 வெள்ளம், 2024 பெஞ்சல் என்று இந்தக் கரை பார்த்துவிட்டது. சமைத்த சோறு முதல் இரண்டு மூன்று நாள் எங்கிருந்தாவது வந்துவிடும், முக்கிய சாலையோரத் தெருக்களுக்கு இரண்டு முறைகூட வரும். உள்ளே இருக்கும் குப்பத்துக்கும் காலனிக்கும் வராது. போகுமுன் அந்தந்த ஊரில் ஒருவரிடம் பேசுங்கள். பழைய துணி மூட்டை வேண்டாம், யாருக்கும் ஆகாமல் தெருவில் நனைந்து கிடக்கும். போர்வை, பாய், கொசுவர்த்தி, தீப்பெட்டி, டார்ச், நாப்கின், குழந்தைக்குப் பால்பவுடர் கொண்டுபோங்கள்.

மாமியாரை வருஷக்கணக்கா படுக்கையில வெச்சுப் பாத்துக்கறேன். இப்பல்லாம் எரிச்சல்தான் வருது. எனக்கு மனசே மரத்துப் போச்சா?

இல்லை அம்மா, களைத்துப்போயிருக்கிறீர்கள். ஒவ்வொரு குணத்துக்கும் எதிரே நின்று மோதும் பகை ஒன்று, பக்கத்திலேயே உட்கார்ந்து தானும் அதுவேபோல் தெரியும் பகை ஒன்று என்று புத்தகோசர் சொல்கிறார். மெத்தாவுக்குப் பக்கத்துப் பகை பற்று. கருணைக்கு எதிர்ப்பகை கொடுமை, பக்கத்துப் பகை துக்கம். பிறர் வலியைப் பார்த்து நாமும் மூழ்கிப்போவது கருணை போலவே தோன்றும், ஆனால் அது கருணையைத் தின்றுவிடும். எரிச்சல் அதன் அடுத்த கட்டம்.

மருந்து இரண்டு. ஒன்று, மேலே சொன்ன தியானத்தின் முதல் படியை, உங்களை நினைத்துச் செய்வதை, தள்ளிவிடாதீர்கள். இரண்டாவது அதைவிட முக்கியம்: ஆள் மாற்றம். வாரத்தில் இரண்டு மாலையாவது வீட்டுக்காரரோ நாத்தனாரோ பொறுப்பேற்கவேண்டும், அந்த நேரம் நீங்கள் வீட்டைவிட்டு வெளியே இருக்கவேண்டும். சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஓடிய சீடர்களைத் தனியிடத்துக்கு வந்து சற்று இளைப்பாறச் சொன்னவர் இயேசு (மாற்கு 6). உங்களுக்கும் அது பொருந்தும்.

வீட்டுக்காரர் குடிச்சிட்டு அடிக்கிறார். பொறுத்துப் போறதுதான் அன்புன்னு பெரியவங்க சொல்றாங்க. அப்படியா?

அப்படி இல்லை. அநியாயம் செய்பவனானாலும் அநியாயத்துக்கு ஆளானவனானாலும் உன் சகோதரனுக்கு உதவு என்றார் நபிகள். ஆளானவனுக்கு உதவுவோம், செய்பவனுக்கு எப்படி என்று கேட்டார்கள். அவனைத் தடுத்து நிறுத்து, அதுவே அவனுக்குச் செய்யும் உதவி என்றார். அடிக்கிறவரைத் தடுப்பதும் அன்புதான்.

‘சத்துருக்களைச் சிநேகியுங்கள்’ என்றால் அவர் கெட்டுப்போகவேண்டும் என்று நினைக்காதே என்று பொருள், அடியை வாங்கிக்கொண்டு அங்கேயே இரு என்று பொருளில்லை. நாலாவதாக வந்த உபேக்ஷையும் சமணர் சொன்ன நடுநிலையும் இந்த இடத்துக்கானவை: வெறுப்பில்லாமல் விலகி நிற்கலாம். மன்னிப்பது பிறகு, உங்களுக்கு வந்தால். இப்போது முதலில் பத்திரம். பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112. தெருவில் உள்ளவர்களும் கதவைத் தட்டவேண்டும்; அடுத்த வீட்டு அலறலைக் கேட்டுக்கொண்டே ஜீவகாருண்யம் பேசமுடியாது.

மீன் சாப்பிடாம எங்க வீட்ல ஒரு நாள் போகாது. நான் ஜீவகாருண்யம் பேசலாமா?

பூசிமெழுகாமல் சொல்வோம்: வள்ளலார் வழியில் கொலையும் புலாலும் கூடாது. ஞான சபைக்குள் புகக் கொலை புலை தவிர்த்திருக்கவேண்டும். சமணத்தில் இன்னும் கடுமை. பௌத்தத்தில், தனக்காகக் கொன்றதைப் பார்க்கவில்லை, கேட்கவில்லை, சந்தேகமும் இல்லை என்றால் பிச்சையில் விழுந்த இறைச்சியைத் துறவி உண்ணலாம் என்று பழைய விதி; சீனப் பௌத்தர்கள் அதையும் விட்டார்கள். இஸ்லாத்தில் அனுமதி உண்டு, நிபந்தனையோடு: கத்தியைக் கூர்மையாக்கு, விலங்கின் கண்முன் தீட்டாதே, வேதனையை நீட்டாதே. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினி போட்டவள் தண்டிக்கப்பட்டாள், தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவர் மன்னிக்கப்பட்டார் என்ற நபிமொழிகளும் உண்டு.

ஆகவே உங்கள் தட்டில் மீன் இருப்பதை வடலூர் ஏற்காது. ஆனால் நீங்கள் பசியோடு அங்கே போனால் சோறு கிடைக்கும். புலால் உண்பவரைப் புற இனத்தார் என்று பிரித்த வள்ளலாரே, அவர்கள் பசியையும் நீக்கவேண்டும் என்றார். நீங்களும் உங்கள் தெருவில் பசித்தவருக்குக் கொடுக்கலாம், அதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். மாதத்தில் சில நாள் விட்டுப் பார்ப்பதும் உங்கள் கையில்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவனுக்கு இதுல என்ன இருக்கு?

மெத்தா பயிற்சிக்குப் படைத்தவன் என்ற நம்பிக்கை தேவையில்லை. சமணத்திலும் படைத்த கடவுள் இல்லை. ‘பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்’ என்ற குறளிலும் கடவுள் வரவில்லை. அன்னதானத்துக்கு அளவு சொன்ன கேள்வியிலிருந்து தொடங்கிவிடுங்கள்.

எங்க தெருவுல மூணு மதமும் இருக்கு. கோயில் அன்னதானத்தை பாய் வீட்டுக்கும் அந்தோணி அண்ணன் வீட்டுக்கும் குடுத்தா வாங்க மாட்டேங்கறாங்க. மனசு கஷ்டமா இருக்கு.

அவர்கள் மறுப்பது உங்களையல்ல. இறைவன் அல்லாத பெயரில் படைத்த உணவு முஸ்லிம்களுக்கு விலக்கு. கிறித்தவர்களில், படையல் என்று தெரிந்தால் உண்ணவேண்டாம் என்ற பவுலின் அறிவுரையை (1 கொரிந்தியர் 10) சிலர் கண்டிப்பாகப் பிடிக்கிறார்கள், சிலர் பெரிதாக எடுப்பதில்லை. இதில் வருத்தப்படவோ வற்புறுத்தவோ ஒன்றுமில்லை.

வழி எளிது. நைவேத்தியத்துக்கு முன்பே ஒரு பாத்திரத்தைத் தனியாக எடுத்து வைத்து, ‘இது படைக்காதது’ என்று சொல்லிக் கொடுங்கள். பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். ரமலானில் பகலில் பொட்டலத்தை நீட்டாமல் நோன்பு திறக்கும் மாலை மக்ரிப் பாங்குக்குச் சற்று முன் கொண்டுபோங்கள். தவக்கால வெள்ளியிலும் சாம்பல் புதனிலும் கத்தோலிக்க வீட்டுக்கு இறைச்சி அனுப்பவேண்டாம். சமண வீடு இருந்தால் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு இல்லாமல், பொழுது சாய்வதற்குள். கார்த்திகையில் மாலை போட்ட வீட்டுக்குப் பிரியாணி வந்தால் அவர்களும் வாங்கமுடியாதுதானே, அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்த வீட்டுக்கு வெறும் சேமியா வரும்.